மூன்று விரல்கள்

சபூறா இலந்தை இலைகளைக் கிள்ளிக் கிள்ளி, புருசனின் உடலைக் குளிப்பாட்ட வைத்த வெந்நீர்ப் பானைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். முன் மண்டபத்தில் அவருடைய அக்கா, மதினி பாத்தும்மா, புதிதாக வந்து உட்கார்ந்த பெண்களுக்கு அதே கதையை மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ட தம்பி தஸ்பீஹ் எண்ணிக்கிட்டே மௌத்தானான் புள்ள. இந்த ரெண்டு கண்ணாலயும் கண்டன். கலிமாச் சொன்னான். மறுகா விரல் எண்ணத் தொடங்கிச்சி. மூச்சு நிண்டதுக்குப் பொறகுதான் விரல் நிண்டிச்சி."

"சுப்ஹானல்லாஹ்!" என்றது ஒரு குரல். "ஆருக்குக் கிடைக்கும் இப்பிடி மௌத்து!" என்றது இன்னொன்று.

சபூறாவின் கை நின்றுவிட்டது. பானையடியில் புகை கண்ணைக் கரித்தது. புகைக்கு நன்றி சொல்லிக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்தாள்.

மதினி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஸைனுலாப்தீன் கலிமா சொன்னது உண்மை. சுபஹ் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில், யாரும் காதுக்குள் ஓதிக் கொடுக்காமலே, மூச்சு வாங்கி வாங்கி முழுதாகச் சொன்னார். அதற்குப் பிறகு விரல்கள் அசைந்ததும் உண்மை. ஆனால் அந்த விரல்கள் அசைந்தது சபூறாவின் மணிக்கட்டில். பாத்தும்மா கண்ணால் கண்டாள். சபூறா தோலால் அறிந்தாள். இறைவனைத் துதித்து விரலில் தஸ்பீஹ் எண்ணுகிறவனுக்குக் கட்டைவிரல் வேண்டும். அதுதான் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும். இவருடைய கட்டைவிரல் சும்மா கிடந்தது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும்தான் மாறி மாறி அமத்தின. மனிதர் எண்ணவில்லை. ட்ரம்பெட் வாசித்தார்.

எந்த இசைத்தட்டு றெக்கோட், அதில் எந்தப் பக்கம் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

இதைப் போய் யாரிடம் சொல்வது? மண்டபம் நிறைய யாஸீன் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸைனுலாப்தீன் தன் வாழ்நாளில் ஒரு ட்ரம்பெட்டையும் வாயில் வைத்ததில்லை. அவர் சமையல்காரர். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அவர் கை படாத கல்யாணச் சோறு குறைவு. இளந்தாரியாக இருந்தபோது, இங்கினியாகலையில் குளம் கட்ட வந்த அமெரிக்கன்மாரின் பங்களாவில் குசினி வேலை பார்த்தார். அங்கே ஹாலிஸ் என்று ஓர் இன்ஜினியர். "துரை" என்று கூப்பிட்டால் கோபம் வரும் வெள்ளைக்காரன் அவன் ஒருவன்தான் என்று ஸைனுலாப்தீன் சொல்வார். பின்னேரம் குளித்துவிட்டு வந்தால் ஹாலிஸுக்கு றெக்கோட் போட வேண்டும், கூடவே தன்னுடைய ட்ரம்பெட்டை ஊத வேண்டும். ஒருநாள் வேலைத்தலத்தில் இரும்புத் தகடு விழுந்து அவனுடைய வலக்கை நசுங்கிப்போயிற்று. கட்டுப்போட்ட கையோடு ஆள் பைத்தியம் பிடித்தவன் மாதிரி பங்களாவைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பிறகு குசினிக்குள் வந்து, கோழி அரிந்துகொண்டிருந்த ஸைனுலாப்தீனின் கையைக் கழுவச் சொல்லி, முன்னால் உட்காரவைத்து, ட்ரம்பெட்டின் மூன்று கட்டைகளிலும் அவருடைய மூன்று விரல்களை எடுத்துவைத்தான்.

"ஊதுறது அவன். விரல் நான்," என்பார் ஸைனுலாப்தீன். "காயம் ஆறும்வரைக்கும் ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் ஒரு ஆள்."

கல்யாணமான புதிதில் இந்தக் கதையைக் கேட்ட சபூறா, புது மாப்பிள்ளை பெண்ணை மயக்க அவிழ்த்துவிடுகிற புளுகு என்றுதான் நினைத்தாள். நம்மூர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்கு வருவார். கையை வீசிக்கொண்டு வருவதுதான் மாப்பிள்ளைக்கு அழகு. இவர் தலையில் ஒரு டைனமைட் பெட்டியோடு வந்து இறங்கினார். கல் உடைக்கும் வெடி வந்த மரப்பெட்டி. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இங்கிலீசில் எச்சரிக்கை. சபூறாவின் வாப்பா அதைப் பார்த்து வாசற்படியிலேயே இரண்டடி பின்னால் போனார். உள்ளே இருந்தது ஹாலிஸ் போகும்போது கொடுத்துவிட்டுப் போன றெக்கோட்டுகளும் ஒரு பாட்டுப் பெட்டியும்.

அந்தப் பாட்டில் பாடுகிறவர் இல்லை. சபூறாவுக்கு முதலில் அதுவே பெரிய குறையாகப் பட்டது. ஆளில்லாமல் என்ன பாட்டு?

"ஆள் இல்லாம என்ன? நாலஞ்சு பேர் இரிக்காங்க. கேட்டுப் பாரு," என்றார் அவர். "இந்தா, ட்ரம்பெட்காரன் கதையத் தொடங்குறான். அவன் சொல்லி முடிஞ்சதும் சக்ஸபோன்காரன் அதே கதைய எடுத்து, கைகால் வெச்சி, தன்ட பாட்டுக்குச் செல்லுவான். மறுகா பியானோக்காரன். பின்னால ஒருத்தன் தாளம் தட்டித் தட்டிக் கிண்டல் பண்ணிக்கிட்டு இரிப்பான். கடைசியில எல்லாருமாச் சேர்ந்து தொடங்கின இடத்துக்கே வந்திருவாங்க. நம்மட சந்தையடித் தேத்தண்ணிக் கடைக் கதைதான்!"

பெட்டியில் இரண்டு சாதி இருந்தது. ஒன்று, ஆளை மூச்சுவிட விடாமல் ஓடுகிற சாதி. அதற்கு அவருடைய விரல்கள் ஓடும் வேகத்தில் சபூறாவுக்குத் தலை சுற்றும். மற்றது நின்று, யோசித்து, சொல்லலாமா விடலாமா என்று சொல்கிற சாதி. முந்தியதைச் சூட்டுப் பாட்டு என்றும் பிந்தியதை ஆறின பாட்டு என்றும் அவரே பெயர் வைத்திருந்தார், தேத்தண்ணிக்கு வைப்பது போல. சபூறாவுக்கு ஆறினதுதான் பிடிக்கும். பிடிக்கும் என்று அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "அந்தச் சளி பிடிச்ச ஊதலப் போடுங்களன்," என்பாள். அவர் போடுவார்.

விரல்கள் மட்டும் பாட்டுப் பெட்டிக்காகக் காத்திருக்கவில்லை. சைக்கிள் கைப்பிடியில், புரியாணிச் சட்டி மூடியில், பள்ளிச் சுவரில், எங்கும் ஓடும். உறக்கத்தில் சபூறாவின் தோளில் ஓடும். பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பேருக்கும் இடையே பேச்சு குறைந்த நாட்களும் இருக்கத்தான் செய்தன. அந்த நாட்களிலும் விரல்கள் பேசாமல் இருந்ததில்லை. போகப் போகத் தோளில் அமத்துகிறதை வைத்தே அவளுக்கு இன்ன றெக்கோட் என்று தெரியத் தொடங்கியது. அவள் அவரை நேசித்தாள். அதை ஒளித்துவைக்க அவளுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை, சொல்லத்தான் தெரியவில்லை.

பாத்தும்மாவோ அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. உம்மா செத்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். பாட்டுக் கேட்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்பது அவளுடைய முடிவான கட்சி. மலக்குகள் வராத இடத்துக்குத் தானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஸைனுலாப்தீன்தான் மீனோ முருங்கைக்காயோ எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டு வேலிக் கடப்படிக்குப் போவார். அவள் உள்ளே நின்று ஏசுவாள். இவர் வெளியே கடப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து கேட்பார். ஏச்சு முடிந்ததும் மீனைக் கொடுத்துவிட்டு வருவார். தம்பியின் முடிவு நல்லபடி ஆக வேண்டும் என்று அவள் எத்தனை வருடம் துஆக் கேட்டாள் என்று அவளுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும்.

அந்தப் பாத்தும்மா இன்று விடிய, தம்பிக்கு மூச்சு இழுக்கிறது என்று செய்தி கேட்டு, செருப்பில்லாமல் ஓடிவந்து, வளவுக்குள் நுழையும்போதே ஏசத் தொடங்கி, ஏசிக்கொண்டே அறைக்குள் வந்து தம்பியின் காலடியில் விழுந்தாள். விரல்களைக் கண்டாள். அவளுடைய முகம் அந்த நிமிடமே மாறிப்போனதைச் சபூறா பார்த்தாள். இத்தனை காலம் சுமந்த பாரத்தை யாரோ கையால் இறக்கிவைத்தது போல அந்த முகம் இளகிற்று. அந்த முகத்தைப் பார்த்து, "இல்ல மதினி, அது தஸ்பீஹ் இல்ல" என்று சொல்ல எந்த வாய்க்கு மனம் வரும்?

மையத்தைக் குளிப்பாட்ட ஆண்கள் வந்ததும் சபூறாவை உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைச் சேலை உடுத்தினார்கள். இனி நாலு மாதமும் பத்து நாளும், இத்தா முடியும்வரை, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இந்த அறைதான். கதவில் ஒரு சீலையைத் தொங்கவிட்டார்கள்.

சற்று நேரத்தில் சீலைக்கு அப்பால் பள்ளியில் தொழுவிக்கும் முகைதீன்பாவா லெப்பையின் இருமல் கேட்டது.

"புள்ள சபூறா, நீதான் கிட்ட இருந்தாய். ராத்தா செல்றதெல்லாம் சரிதானே? ஜும்ஆவுல ஜமாஅத்துக்கு எடுத்துச் செல்லலாம் எண்டு பாக்கன். இளம் பெடியன்மாருக்கு ஒரு படிப்பினை."

சபூறா சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். பக்கத்தில் பாத்தும்மா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கலிமாச் சொன்னாரு லெப்பை. முழுசாச் சொன்னாரு. நான் கேட்டன்."

"விரல்?"

"விரலும் அசைஞ்சிச்சி."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று லெப்பை போய்விட்டார். பொய் சொல்லவில்லை என்று சபூறா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும், ஊர் இப்போது நல்ல மனிதர் ஒருவரை அடக்கப்போகிறது. அவர் அவளுடைய புருசன் மாதிரி இல்லை.

பாத்தும்மா அத்தோடு விடவில்லை. மகன் மசூரைச் சீலையடிக்குக் கூப்பிட்டாள். சந்தையில் புடவைக் கடை வைத்திருந்த அவன், உம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை.

"மனே, மாமாட அந்த வெடிப் பெட்டி மண்டபத்து மூலையில இரிக்கி. பாட்டுப் பெட்டியும் அதோட. மையத்து வெளிக்கிட முன்னம் அது வெளிக்கிடணும். தஸ்பீஹோட போனவன்ட சாமானுக்க சைத்தான்ட தட்டு இரிக்கப்படா. அவன்ட கணக்கு லேசாகட்டும். அடக்கிப்போட்டு வந்து கடல்ல போடு."

"மாமி?"

"மாமிக்கும் அதுதான் விருப்பம். என்ன சபூறா?"

சபூறா வாய் திறந்தாள். வீடு அவளுடையது. ஆனால் பெட்டி அவருடையது. பிள்ளையில்லாதவரின் சாமானில் கூடப்பிறந்தவளுக்குப் பங்கு இருக்கிறது. அது மட்டுமா? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதைச் சொன்னால் அந்த முகம் மறுபடி பழைய பாரத்தைச் சுமக்கும். சபூறா வாயை மூடிக்கொண்டாள். மண்டபத்தில் பெட்டி இழுபடும் ஓசை கேட்டது. சூறாவளி அடித்து ஊரெல்லாம் கூரை பறந்த அன்றைக்கு, நனைந்த மெத்தைக்குக் கீழே அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவர் அவர். இன்று மையத்தைச் சுமக்கும் சந்தூக்குக்குப் பக்கத்தால் அதை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவர் பேசாமல் கிடக்கிறார்.

மதியம், ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமா முழக்கம் ஒழுங்கையால் போய், பள்ளிப் பக்கம் திரும்பி, மெல்ல மெல்லக் குறைந்தது. ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பெண்கள் சிலர் மண்டபத்தில் சாய்ந்தார்கள். வேலியோரம் மசூரின் சைக்கிள் நின்றது. காரியரில் டைனமைட் பெட்டி, அதன் மேல் பாட்டுப் பெட்டி, கயிறு போட்டு இறுக்கியிருந்தது. ஜன்னல் வழியே சபூறா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்தும்மா ஒரு கோப்பை பிளேன்டீயோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் அடைத்திருந்தது. இருந்தாலும் முகத்தில் அந்த இளக்கம் அப்படியே இருந்தது.

"குடி புள்ள." கோப்பையைச் சபூறாவின் முன்னால் வைத்தாள். "உன்ட கையிலதானே அவன் எண்ணினான்?"

"ஓம் மதினி."

"எனக்கும் ஒருக்காக் காட்டு. எப்பிடி எண்ணினான் எண்டு." கேட்கும்போதே பாத்தும்மா கூச்சப்பட்டாள். "நான் வளத்த கை. கடைசியா அது என்ன செஞ்சிச்சி எண்டு எனக்கும் தெரியணும்தானே?"

அவள் கையை நீட்டினாள். வயல் வேலையில் காய்த்த, நரம்பு புடைத்த கை. சபூறா அதைப் பிடித்தாள். சும்மா கட்டைவிரலை நாலு கணுவில் ஏற்றி இறக்கினால் முடிந்தது. யாருக்கும் நட்டமில்லை. ஊரும் லெப்பையும் மலக்குகளும் திருப்திப்படுவார்கள். அவள் கட்டைவிரலைக் கொண்டுபோய்ச் சுட்டுவிரலின் அடியில் வைத்தும் பார்த்தாள். அவருடைய விரல்களின் சூடு அவளுடைய மணிக்கட்டில் இன்னும் இருந்தது. அந்தச் சூட்டுக்கு மேலே பொய் வைக்க முடியவில்லை.

கட்டைவிரலை எடுத்துவிட்டு, மூன்று விரல்களைப் பாத்தும்மாவின் மணிக்கட்டில் வைத்தாள். சுட்டுவிரலை அமத்தினாள். பிறகு முதலிரண்டையும் சேர்த்து. கொஞ்சம் நிறுத்தம். மோதிர விரல் தனியாக. நீண்ட நிறுத்தம். மறுபடி நடுவிரல், சொல்லலாமா விடலாமா என்பது போல.

பாத்தும்மாவின் கை விறைத்தது. ஐம்பது வருடமாகத் தஸ்பீஹ் எண்ணுகிறவளுக்கு இது அது இல்லை என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? அவள் கையை இழுக்கப்போகிறாள் என்று சபூறா நினைத்தாள். ஆனாலும் விரல்களை நிறுத்தவில்லை.

"இது..." என்றாள் பாத்தும்மா. "இது கடப்புக் கட்டையில..."

"ஓம்."

"நான் ஏசக்குள்ள. வெள்ளிக்கிழமையில. தலையக் குனிஞ்சிக்கிட்டு, கட்டையப் பிடிச்சிக்கிட்டு, இப்பிடித்தான், இந்த மூணு விரலும். பொறுமையில்லாம தட்டுறான் எண்டு அதுக்கும் சேத்துத்தானே ஏசினன்!"

"பொறுமையில்லாம இல்ல மதினி." சபூறாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உங்கட ஏச்சுக்கெண்டே ஒரு றெக்கோட் வெச்சிருந்தாரு. ஆறினது. 'ராத்தா ஏசுற தாளத்துக்கு இது ஒண்டுதான் பொருந்துது சபூறா, அவ மூச்சு எடுக்கிற இடத்தில இவனும் மூச்சு எடுக்கான்' எண்டு செல்லுவாரு. நீங்க ஏசி முடிய ஒரு பக்கம் முடிஞ்சிருமாம். அத வேற ஒண்டுக்கும் எடுக்கமாட்டாரு. உங்களுக்குத்தான்."

பாத்தும்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"விடிய நீங்க வளவுக்க ஏசிக்கிட்டு வந்தீங்களே," என்றாள் சபூறா. "அவருக்குக் கண் தெரியல்ல. காது கேட்டிச்சி. கலிமாச் சொல்லி முடிச்சிட்டுக் கிடந்தாரு. உங்கட சத்தம் கேட்ட பொறகுதான் விரல் தொடங்கிச்சி."

மண்டபத்தில் யாரோ ஒரு பெண் கொட்டாவி விட்டு அல்லாஹ்வை அழைத்தாள். கோப்பையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பாத்தும்மா நீட்டிய கையை எடுக்காமல், மற்றக் கையால் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாளா என்று சபூறா குனிந்து பார்த்தாள். பாதி அழுகை, மற்றப் பாதி என்னவென்று சொல்ல முடியவில்லை.

"கள்ளன்," என்றாள் தலைப்புக்குள்ளிருந்து. "கள்ளப் பயல். நான் ஏச ஏச, பாட்டுக் கேட்டுக்கிட்டு நிண்டிரிக்கான்."

அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பும் பேச்சு ஒழுங்கையில் கேட்டது. கால் கழுவும் தண்ணீர்ச் சத்தம். பிறகு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம். பாத்தும்மா தலைப்பை எடுத்தாள்.

"மசூர்!"

"என்ன உம்மா?" ஜன்னலுக்கு வெளியே பக்கவாட்டில் நின்று அவன் கேட்டான்.

"பெட்டிய இறக்கு. ரெண்டையும் கொண்டுவந்து இந்த அறைக் கதவடியில வை."

"நீங்கதானே கடல்ல போடச் சென்னீங்க?"

"இப்ப இறக்கச் செல்றதும் நான்தான். மெதுவா இறக்கு, உடைஞ்சிரும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "மறுகா லெப்பைக்கிட்டப் போய்ச் செல்லு. என்ட தம்பி கலிமாச் சொன்னான், அத மட்டும் செல்லச் செல்லு. விரல்ட கதைய அவர் எடுக்க வேணாம். அது வீட்டுக்க உள்ள கதை."

மசூர் குழம்பிப்போய்க் கயிற்றை அவிழ்த்தான். சீலைக்கு அப்பால் பெட்டி தரையில் அமரும் ஓசை வந்தது.

"இத்தா முடியிற வரைக்கும் அத நீ போடப்படா," என்றாள் பாத்தும்மா கண்டிப்போடு.

"இல்ல மதினி."

"நானும் இஞ்சதான் இரிப்பன். உன்னைத் தனிய விட ஏலா."

"இரிங்க."

பாத்தும்மா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துத் தானே ஒரு மடக்குக் குடித்தாள். கோப்பையைத் தள்ளி வைத்தாள். சீலையின் அடியில் தெரிந்த டைனமைட் பெட்டியின் சிவப்பு எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு தட்டில ரெண்டு பக்கம் இரிக்கெல்லா?"

"ஓம்."

"மத்தப் பக்கத்தில என்ன?" என்று கேட்டு, பாத்தும்மா கையைப் புரட்டி, உள்ளங்கை மேலே பார்க்கச் சபூறாவின் மடியில் வைத்தாள்.